காளான் அறைக்கு எந்த ஃபேன்?

மொட்டை மாடியில் சிப்பிக் காளான் தொழில் தொடங்குகிறவர்கள் வைக்கோலுக்கு நாலு இடத்தில் விலை கேட்கிறார்கள். வித்து எந்த ஆய்வகத்தில் நன்றாக இருக்கும் என்று விசாரிக்கிறார்கள். ஃபேன் விஷயத்தில் மட்டும், பக்கத்துக் கடையில் குளியலறைக்கென்று விற்கிற எக்ஸாஸ்ட் ஒன்றை வாங்கிச் சுவரில் ஓட்டை போட்டு மாட்டிவிடுகிறார்கள். அது ராத்திரி முழுக்க இரைகிறது, பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவ்வளவு இரைந்தும் காளான் காம்பு நீண்டு, குடை சிறுத்து வருகிறது. சத்தம் போடுகிற ஃபேன் காற்றையும் அதிகம் தள்ளும் என்று நினைப்பதுதான் இங்கே முதல் தவறு.

காளான் அறைக்கு ஃபேன் எதற்கு என்பதில் தெளிவு வேண்டும். வித்து பரவும் 15 முதல் 20 நாட்களுக்கு அது தேவையே இல்லை. பைகள் இருட்டில், மூடிய அறையில் இருக்கட்டும். மொட்டு விடத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. பூசண இழைகள் மூச்சு விடுகின்றன, அறையில் கரியமில வாயு ஏறுகிறது. வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. வளர்ப்பு அறையில் 1,000-ஐத் தாண்டவிடாமல் வைத்திருப்பது நல்லது. தாண்டினால் சிப்பிக் காளான் காற்றைத் தேடுவதுபோல் காம்பை நீட்டும், குடையை விரிக்காது. அந்தச் சரக்கைக் கடைக்காரர் இரண்டாம் தரம் என்று தள்ளி வைப்பார். ஆக ஃபேனின் முதல் வேலை பழைய காற்றை மாற்றுவது. அறையைக் குளிர்விப்பது தண்ணீரின் வேலை.

எவ்வளவு காற்று வேண்டும்?

கணக்கு எளிது. 10 அடிக்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் 1,200 கன அடி. மணிக்கு ஆறு தடவை காற்று மாறட்டும் என்று வைத்துக்கொண்டால் 7,200 கன அடி, அதாவது நிமிடத்துக்கு 120. ஃபேன் பெட்டியில் சிஎஃப்எம் என்று போட்டிருப்பது இந்த நிமிடக் கணக்கைத்தான். சில பெட்டிகளில் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று இருக்கும். சிஎஃப்எம்மை 1.7-ஆல் பெருக்கினால் அது வந்துவிடும். நம் அறைக்கு சுமார் 200 கன மீட்டர்.

ஆறு என்பது தொடங்குவதற்கான எண் மட்டுமே. பை அதிகமானால் கூட்ட வேண்டும், அறுவடை முடிந்து அறை காலியாக இருக்கும்போது குறைக்கலாம். கரியமில வாயு மீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் ஊகத்துக்கு வேலையில்லை. வாங்கும்போது அகச்சிவப்பு முறையில் நேரடியாக அளக்கும் என்டிஐஆர் வகையா என்று கேளுங்கள். வேறு வாயுக்களைப் பார்த்து உத்தேசமாகக் கரியமில வாயுவைச் சொல்லும் மலிவுக் கருவிகள் காளான் அறைக்கு உதவாது.

கூடுதலாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் விட முடியாது. ஒவ்வொரு கன மீட்டர் புதுக் காற்றும் உங்கள் ஈரத்தைத் தின்னும். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 15 கிராம் நீராவி இருக்கும். உள்ளே 25 டிகிரியில் 85 சதவீதம் வேண்டுமென்றால் அதே அளவு காற்றில் ஏறக்குறைய 19.5 கிராம் தேவை. மணிக்கு 200 கன மீட்டர் காற்றை உள்ளே விட்டால், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீரை மணிக்கு மணி ஆவியாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது லிட்டருக்கு மேல். தேவைக்கு இரண்டு மடங்கு ஃபேனை முழு வேகத்தில் ஓட்டினால் தண்ணீரும் இரண்டு மடங்கு, குடை ஓரம் வெடிப்பது தனி.

பெட்டி மேல் உள்ள எண்ணை நம்பாதீர்கள்

அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் காற்று அளவு, முன்னும் பின்னும் எதுவும் மறிக்காத நிலையில் அளந்தது. நீங்களோ ஒரு பக்கம் பூச்சி வலை, வடிகட்டி, இன்னொரு பக்கம் குழாய், வளைவு என்று வைக்கப் போகிறீர்கள். ஒவ்வொன்றும் எதிர் அழுத்தம். சாதாரண இறக்கை எக்ஸாஸ்ட் சில பத்து பாஸ்கல் எதிர் அழுத்தத்திலேயே திணறிவிடும். இறக்கை சுற்றும், சத்தம் வரும், காற்று வராது. அடர்ந்த நைலான் வலையில் தூசி படிந்த பிறகு குளியலறை ஃபேன்கள் தோற்பது இப்படித்தான்.

குழாய்க்கு நடுவில் பொருத்தும் இன்லைன் ஃபேனில் மிக்ஸ்டு ஃப்ளோ என்ற வகை இதற்குத் தோதானது. வாங்குமுன் அழுத்தத்துக்கும் காற்று அளவுக்குமான வளைகோட்டைக் கேளுங்கள். நல்ல நிறுவனங்கள் அதைத் தங்கள் விவரத்தாளில் போட்டிருக்கும். வளைகோடு இல்லாத ஃபேனை நான் வாங்க மாட்டேன். 80 பாஸ்கல் எதிர் அழுத்தத்தில் உங்களுக்கு வேண்டிய 200 கன மீட்டர், முழு வேகத்தில் அல்ல, நடு வேகத்தில் கிடைக்கிறதா என்று அதில் பாருங்கள்.

நடு வேகத்தை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். மின்சாரமோ கோட்பாட்டளவில் எட்டில் ஒரு பங்காகிவிடும். சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும். அதனால் சின்ன ஃபேனை முடுக்குவதைவிடப் பெரிய ஃபேனைச் சோம்பலாக ஓட்டுவதே கெட்டிக்காரத்தனம். குழாய்க்கும் இதே கணக்குதான். மணிக்கு 200 கன மீட்டர் காற்று 100 மில்லிமீட்டர் குழாயில் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் சீறும். 150 மில்லிமீட்டர் குழாயில் 3 மீட்டர்தான்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

"வெறும் 35 டெசிபல்தான் சார்" என்று கடைக்காரர் சொன்னால், எத்தனை மீட்டர் தள்ளி வைத்து அளந்தது என்று கேளுங்கள். 3 மீட்டரில் அளந்த 35, ஒரு மீட்டரில் 44-க்கு மேல் வரும். தூரம் சொல்லாத டெசிபலுக்கு அர்த்தமில்லை. குடியிருப்புப் பகுதிக்கு பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. பக்கத்து வீட்டு ஜன்னலடியில் இரவில் உங்கள் ஃபேன் சத்தம் அந்த 45-க்குள் அடங்க வேண்டும்.

ஃபேன் நல்லதாக இருந்தும் பொருத்துகிற விதத்தில் சத்தம் வரும். ஃபேனை நேராகச் சுவரில் போல்ட் போட்டு முறுக்கினால் அதிர்வு சுவர் வழியாகப் போய் அடுத்த வீட்டுப் படுக்கையறையில் உறுமும். ரப்பர் புஷ் வைத்து மாட்டுங்கள், அல்லது உத்தரத்திலிருந்து தொங்க விடுங்கள். ஃபேனின் இரு பக்கமும் ஓரடி நீளத்துக்கு வளையும் குழாய் இருந்தால் அதிர்வு அங்கேயே அடங்கும். அதற்குப் பிறகு வழவழப்பான பிவிசி போதும். பிளம்பிங் கடையில் கிடைக்கும் 160 மில்லிமீட்டர் குழாய் 150 ஃபேனுக்கு ஏறக்குறையப் பொருந்திவிடும், மீதி இடைவெளிக்கு ரப்பர் பட்டை சுற்றலாம். முழுத் தூரத்துக்கும் மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாயைத் தொங்கத் தொங்க விடுகிறவர்கள், அந்த உராய்வுக்கு மின்சாரத்திலும் இரைச்சலிலும் விலை கொடுக்கிறார்கள். ஃபேன் வாயை ஒட்டியே வளைவு வைத்தாலும் இரைச்சல்தான். முதலில் கொஞ்ச தூரம் நேராகப் போகட்டும்.

டைமர் போட்டு மணிக்குப் பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டுவது பலரின் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே சீராக வருகிற மெல்லிய ஓசையைக் காது மறந்துவிடும். திடீரென்று கிளம்பி நிற்பது தூங்குகிறவரை எழுப்பிவிடும். அறையின் ஈரப்பதமும் ஏறி இறங்கித் தள்ளாடும்.

மோட்டார், மின்சாரம்

மலிவான சின்ன எக்ஸாஸ்ட்களில் இருக்கும் ஷேடட் போல் மோட்டார் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கியே வீணடிக்கும். கண்டன்சர் வைத்த மோட்டார் பரவாயில்லை. இசி அல்லது பிஎல்டிசி என்று விற்பவைதான் வேகத்தைக் குறைத்தாலும் திறன் கெடாதவை. விலை கூடுதல்தான். ஆனால் இந்த ஃபேன் நாள் முழுக்க, மாதக் கணக்கில் ஓடப் போகிறது. 40 வாட் ஃபேன் ஓயாமல் ஓடினால் இரண்டு மாத பில்லில் சுமார் 58 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல் இதுவே தின்றுவிடும். தொழிலுக்கு வீட்டு இணைப்பையே பயன்படுத்தலாமா என்பதை உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பிறகு அபராதம் கட்டுவதில் லாபமில்லை.

சாதாரண மோட்டாரை எலக்ட்ரானிக் டிம்மரில் குறைத்தால் 'ம்ம்' என்று முனகும். அதற்குப் படிப்படியாகக் குறைக்கும் கண்டன்சர் ரெகுலேட்டர் தேவலை. இசி மோட்டாருக்கு அதனுடன் வரும் கட்டுப்பாட்டுக் கருவியைத் தவிர வேறெதையும் இணைக்கக் கூடாது.

காளான் அறை என்பது 85 சதவீத ஈரம். ஃபேன் குறைந்தது ஐபி 44 தரமாவது இருக்கட்டும், பால் பேரிங் உள்ளதாக இருக்கட்டும். புஷ் பேரிங் சூட்டிலும் ஓயாத ஓட்டத்திலும் சீக்கிரம் தேய்ந்து கிறீச்சிடத் தொடங்கும். இணைப்பில் பூமிக் கம்பி, மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இரண்டும் கட்டாயம். ஈரக் கையோடு வேலை செய்கிற இடம் இது.

உள்ளே தள்ளலாமா, வெளியே இழுக்கலாமா?

வடிகட்டி வழியாக உள்ளே தள்ளுவதையே நான் சிபாரிசு செய்வேன். இழுக்கும்போது கதவிடுக்கு, கூரை இடுக்கு எல்லாவற்றின் வழியாகவும் தூசியும் ஈயும் நுழையும். தள்ளும்போது காற்று இடுக்குகள் வழியாக வெளியேறும், பூச்சி நுழையாது. காளான் குடையிலிருந்து உதிரும் வித்துத்தூள் படிந்து ஃபேன் பிசுபிசுப்பதும் குறையும். காற்று காளான் படுக்கைகள், அதாவது பைகள், மேல் நேராக அடிக்கக் கூடாது. கூரையை ஒட்டித் துளையிட்ட பாலிதீன் குழாய் ஒன்றை நீளமாக ஓட்டினால் காற்று அறை முழுக்கப் பரவும். வெளியேறும் வழி எதிர்ப் பக்கம் இருக்கட்டும், வலை போட்டு, யார் ஜன்னலையும் பார்க்காமல்.

வித்துத்தூளைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிப்பிக் காளான் அதை ஏராளமாகக் கொட்டும். நாளாவட்டத்தில் சுவாசிக்கிறவருக்கு இருமல், காய்ச்சல், நுரையீரல் அழற்சி வரை போகலாம், காளான் தொழிலாளர் நுரையீரல் நோய் என்றே மருத்துவத்தில் பெயர் உண்டு. ஃபேன் அதைக் குறைக்கும், போக்காது. குடை ஓரம் மேலே சுருளுமுன் அறுவடை செய்யுங்கள், உள்ளே போகும்போது என்95 முகக்கவசம் போடுங்கள்.

பொருத்தி முடித்ததும் சின்ன அனிமோமீட்டரைக் குழாய் வாயில் காட்டிப் பாருங்கள். 150 மில்லிமீட்டர் வாயில் சராசரி நொடிக்கு 3 மீட்டர் காட்டினால் மணிக்கு சுமார் 190 கன மீட்டர் வருகிறது என்று பொருள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால், வடிகட்டியைக் கழுவ வேண்டிய நாள் தானே தெரியும்.

10க்கு 12 அறைக்கு என் தீர்ப்பு: 150 மில்லிமீட்டர் மிக்ஸ்டு ஃப்ளோ இன்லைன், இசி மோட்டார், ஏறத்தாழ 60 சதவீத வேகம், ரப்பரில் தொங்கல். பணம் பத்தாவிட்டால் இசியை விட்டுக்கொடுங்கள், அளவை விட்டுக்கொடுக்காதீர்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையும் வேளாண் அறிவியல் நிலையங்களும் காளான் வளர்ப்புப் பயிற்சி நடத்துகின்றன. போனால் படுக்கை தயாரிப்பதைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்பாதீர்கள், அங்குள்ள குடிலில் காற்று எப்படி வந்து போகிறது என்றும் கேட்டுவிட்டு, அதன் பிறகு கடைக்குப் போங்கள்.