ஐந்தடிப் பலகையில் ஒரு கூட்ஸ் ஷெட்

இப்பகுதியில் வழக்கமாக வரி, உரிமம், எடைக்கருவி முத்திரை என்று பார்த்து வரும் நாம், இம்முறை ஒரு விளையாட்டைப் பாடமாக எடுத்துக் கொள்கிறோம். விளையாட்டு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் ஆர்.ஆர். உண்டு, டெமரேஜ் உண்டு, பொங்கல் வெல்லமும் உண்டு.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டை நம்மில் பலர் அறிவோம். ஜார்ஜ் டவுன் சந்துகளில் நெருக்கிக் கிடந்த இரும்பு வியாபாரத்துக்காக சி.எம்.டி.ஏ. அமைத்துக் கொடுத்த இடம். அங்கே ஒரு கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் லாரி சத்தம் ஓய்ந்த பிறகு நாங்கள் ஐந்து பேர் கூடுகிறோம். ஒருவர் தகடு வியாபாரம், ஒருவர் நட்டு போல்ட்டு, மற்ற மூவரும் திருவொற்றியூரில் மளிகை. சீட்டாட்டம் என்றுதான் வீட்டில் முதலில் நினைத்தார்கள். நாங்கள் ஓட்டுவது ரயில்.

நம் வட்டாரத்துக்கு ரயில் புதிதல்ல. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. 1873இல் சென்ட்ரல் வரும்வரை சென்னைக்கு ராயபுரமே பெரிய ஸ்டேஷன். நம் பெரியவர்களுக்கு ரயில் என்றால் பிரயாணம் மட்டுமல்ல, சரக்கு. ஒரு வேகன் பருப்பு, ஒரு வேகன் வெல்லம் என்று தனி வேகனாகவே பதிவு செய்ய முடிந்த காலம் அது. 1980களில் ரயில்வே முழு ரேக் முறைக்கு மாறியது. சுமார் நாற்பது வேகனை மொத்தமாக நிரப்பக் கூடியவருக்கே இனி ரயில் என்றானது. சிமெண்ட், உரம், நிலக்கரிக்கு அது சரி. ஒரு வேகன் வெல்லக்காரர் லாரி ஆபீசுக்குப் போனார். அந்தப் பழைய ஒரு வேகன் வியாபாரத்தைத்தான் நாங்கள் பலகையில் நடத்துகிறோம்.

மாடல் ரயில் என்பது குழந்தைக்கு வாங்கித் தரும் பொம்மை ரயில் அல்ல. உண்மையான வண்டியை ஒரே கணக்கில் சுருக்கிச் செய்வது. உலகில் மிகுதியாகப் புழங்குவது எச்.ஓ. என்ற அளவு, அதாவது 87இல் ஒரு பங்கு. மேல்நாட்டு 1435 மி.மீ. தண்டவாளம் இதில் 16.5 மி.மீ. ஆகிறது. நம் பிராட்கேஜ் 1676 மி.மீ. என்பதால் கணக்குப்படி 19 மி.மீ.க்குச் சற்று மேல் வரவேண்டும். அந்த அகலத்துக்குத் தண்டவாளம் கடையில் கிடைக்காது. ஆகவே நம் நாட்டில் பெரும்பாலோர் 16.5 மி.மீ. தண்டவாளத்திலேயே நம் வண்டியை ஓட்டி மனதைத் தேற்றிக் கொள்கிறார்கள். நாங்களும் அப்படித்தான்.

இதை நேரில் பார்க்க விரும்புவோர் புனேயில் ஜோஷி மியூசியத்துக்குப் போகலாம். பாவு ஜோஷி என்ற தனி மனிதரின் பொழுதுபோக்கு, 1998இல் பொதுமக்களுக்கான காட்சியகமானது. ஒரு சிறு நகரமும் அதில் ஓடும் ரயில்களும் சிக்னல்களுமாக அங்கே பார்க்கலாம். நமக்கு அருகில் ஐ.சி.எஃப். ரயில் மியூசியம் 2002 முதல் இருக்கிறது. ஆனால் இவற்றைப் பார்த்து மலைத்து, நம்மால் ஆகாது என்று வந்துவிடக் கூடாது. ஐ.சி.எஃப். பயணிகள் பெட்டி ஒன்றே எச்.ஓ. அளவில் 24 செ.மீ.க்கு மேல் நீளம். பத்துப் பெட்டி வண்டி ஓட்ட ஒரு கல்யாண மண்டபம் வேண்டும். பழைய நான்கு சக்கரச் சரக்கு வேகனோ ஒன்பது பத்து செ.மீ.தான். கடை மாடிக்கு ஏற்றது அதுவே.

மூன்று சைடிங், எட்டு வேகன்

இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் சிறிய இடத்துக்கென்று ஓர் அமைப்பைச் செய்தார். இங்கிள்நூக் சைடிங்ஸ் என்று பெயர். ஐந்தடி நீளம், ஓரடி அகலப் பலகை போதும். பாயின்ட் இரண்டே இரண்டு. ஒரு நீண்ட சைடிங்கில் ஐந்து வேகன் நிற்கும். மற்ற இரண்டு சைடிங்கிலும் மும்மூன்று நிற்கும். எதிர்ப்பக்கம் உள்ள லைனில் என்ஜினும் மூன்று வேகனும் மட்டும் கொள்ளும். மொத்தம் இடம் பதினொன்று, வேகன் எட்டு, காலியிடம் மூன்று. எட்டு வேகனுக்கும் எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். வந்த வரிசைப்படியே ஐந்து வேகனையும் நீண்ட சைடிங்கில் கோக்க வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான்.

எளிது என்று தோன்றும். எட்டில் ஐந்தை வரிசையாக எடுக்க 6,720 வழி உண்டு. ஆகவே நேற்றைய ஆட்டம் இன்று வராது. உள்ளே கடைசியில் நிற்கும் வேகன் வேண்டுமென்றால் முன்னால் நிற்பவற்றை இழுக்க வேண்டும். ஒரு தடவைக்கு மூன்றுக்கு மேல் இழுக்க இடமில்லை. இழுத்ததை வைக்கப் பக்கத்து சைடிங்கில் இடம் வேண்டும். அங்கே வேறு ஒருவரின் வேகன் நிற்கும். குடோனில் நடைபாதையை அடைத்து மூட்டை அடுக்கிவிட்டு, பின்சுவர் ஓரத்து மூட்டையைத் தேடுகிறவருக்கு இந்த வேதனை உடனே புரியும்.

எங்களில் மூத்தவர் எண்பதைத் தாண்டியவர். கடையை மகன்களிடம் கொடுத்துவிட்டார். நாங்கள் அண்ணாச்சி என்றே அழைப்போம். முதல் இரண்டு ஞாயிறும் ஓரமாக உட்கார்ந்து, "வயசான காலத்துல சின்னப் பிள்ளை விளையாட்டு" என்று சிரித்துக் கொண்டிருந்தார். மூன்றாவது ஞாயிறு நாற்காலியைப் பலகைக்கு அருகே இழுத்துப் போட்டார். ஐந்தாவதாக நின்ற வேகனை எடுக்க முடியாமல் நாங்கள் திணறிக் கொண்டிருந்த நேரம். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம வெல்ல வேகன் இப்படித்தானய்யா நின்னிருக்கும்" என்றார்.

1970களில் ஓர் ஊரில் அவர் கடை வைத்திருந்தபோது, பொங்கலுக்காக ஒரு வேகன் வெல்லம் தருவித்திருக்கிறார். ஆர்.ஆர். கைக்கு வந்துவிட்டது. வேகனும் யார்டுக்குள் வந்துவிட்டது. கண்ணால் பார்க்கிறார். ஷெட்டுக்கு மட்டும் வரவில்லை. அதே ஊரில் இன்னொரு மளிகைக்காரரின் வேகன் பின்னால் வந்து முன்னால் இறங்கிவிட்டது. போகி அன்றுகூட இவர் கதவு திறக்கவில்லை. பொங்கல் முடிந்து இறங்கிய வெல்லத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்று மளிகைக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் கூரை ஒழுகி ஒரு பகுதி பாகாகியிருந்ததாம். அந்த மளிகைக்காரர் குமாஸ்தாவைக் கவனித்துவிட்டார் என்று இவர் முடிவு கட்டினார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. கல்யாணம் காட்சிக்குக்கூடப் பத்திரிகை போகவில்லை.

"அண்ணாச்சி, அந்த யார்டுல எத்தனை லைன் இருந்தது?" என்று நட்டு போல்ட்டுக்காரர் கேட்டார்.

"மூணு. ரெண்டுல உர வேகன் நின்னுது. எங்க வேகன் உள்ளே கடைசியில. அவர் வேகன் பின்னால வந்ததால வெளிப்பக்கம் நின்னுது."

அவ்வளவு சொல்லிவிட்டு அவர் எழுந்து கீழே டீ குடிக்கப் போய்விட்டார். குமாஸ்தா கை நீட்டவே இல்லை என்று நாம் சான்றிதழ் தரப் போவதில்லை. அந்தக் காலத்து கூட்ஸ் ஷெட்டுகளை நாமும் பார்த்தவர்கள்தாம். ஆனால் கை நீட்டாத குமாஸ்தாவாலும் அந்த வேகனை முதலில் எடுத்துக் கொடுத்திருக்க முடியாது என்பதைப் பலகை காட்டியது. அந்த மளிகைக்காரர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அடுத்த வாரம் அண்ணாச்சி அவர் மகனுக்கு டெலிபோன் செய்ததாகச் சொன்னார். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

கட்டும் முறை

வெளிநாட்டுச் செட் வாங்கிவிடலாம் என்று நினைப்பவர் கவனிக்க வேண்டும். பொம்மைகளும் சிறு மாடல்களும் சுங்கத்தில் ஒரே தலைப்பில் வருகின்றன. 2020 பட்ஜெட்டில் வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறக்கூடியது என்பதால் வரவழைக்கும் முன் சுங்க ஏஜெண்டிடம் கேட்டுக் கொள்வது நல்லது. எங்கள் அபிப்பிராயம், என்ஜின், தண்டவாளம், இரண்டு பாயின்ட், சக்கரங்கள் இவற்றை மட்டும் வாங்கினால் போதும். மற்றதெல்லாம் கையால் செய்யலாம்.

பலகைக்கு முக்கால் அங்குல பிளைவுட் போட்டு, அடியில் சட்டம் அடிக்க வேண்டும். சட்டம் இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் நெளிந்துவிடும். தண்டவாளம் பித்தளை, நிக்கல் சில்வர், இரும்பு என்று பலவகை. எண்ணூர், திருவொற்றியூர் கடற்காற்றில் இரும்பு ஒரு மாதம் தாங்காது. பித்தளை கறுத்துவிடும், கறுத்தால் கரண்ட் பாயாது. நிக்கல் சில்வர் என்பது பூஜைச் சாமான் கடையில் நாம் விற்கும் ஜெர்மன் சில்வரேதான். செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, வெள்ளி துளியும் இல்லை. அதையே வாங்க வேண்டும். தண்டவாள இணைப்புகளில் ஒரு தபால் கார்டு கனத்துக்கு இடைவெளி விட்டால் சித்திரை வெயிலில் வளையாது.

மின்சாரம் 12 வோல்ட் டி.சி. வீட்டு மெயினிலிருந்து நல்ல அடாப்டர் மூலமாகத்தான் எடுக்க வேண்டும். இதில் சிக்கனம் வேண்டாம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு போர்டும், முன்னும் பின்னும் ஓட்ட ஆறு கால் சுவிட்சும் ரிச்சி தெருவில் கிடைக்கின்றன. இரண்டு தண்டவாளத்துக்கும் இரண்டு வயர். வயரை மாற்றினால் வண்டி திரும்பி ஓடும். பற்றவைக்கும்போது குழாய் வேலைக்கான ஆசிட் தடவக் கூடாது. ரோசின் பேஸ்ட் மட்டுமே. ஆசிட் நாளடைவில் வயரைத் தின்றுவிடும்.

ஜல்லி விஷயத்தில் எங்களுக்கு நல்ல பாடம் கிடைத்தது. ரயில் பாதை ஜல்லி 65 மி.மீ. என்றால் 87ஆல் வகுக்க முக்கால் மி.மீ. கேழ்வரகு அதைவிடப் பெரிது, கடுகு இன்னும் பெரிது. ரவை கிட்டத்தட்டச் சரியான அளவு. மளிகைக்காரர் மூளை அல்லவா, அரைக் கிலோ ரவையைப் பசை விட்டுப் பரப்பினோம். பத்து நாளில் எறும்பு வந்தது, பிறகு வண்டு வந்தது, பிறகு எலி வந்து ஒரு பாயின்ட்டையே பெயர்த்துவிட்டது. இப்போது எம்-சாண்டை ரவைச் சல்லடையில் சலித்துப் போட்டிருக்கிறோம்.

வேகனை ஒரு மி.மீ. அட்டையில் வெட்டி ஒட்டி, இருமுறை வார்னிஷ் அடித்தால் மரம் போல் இறுகும். எடை முக்கியம். லேசான வேகன் வளைவில் கவிழும். அமெரிக்காவில் 1935இல் தொடங்கிய தேசிய மாடல் ரயில் சங்கத்தின் கணக்கு, ஒரு அவுன்ஸுடன் நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். நான்கு அங்குல வேகனுக்கு 85 கிராம். கடைத் தராசிலேயே வைத்துப் பார்த்து, உள்ளே பழைய வாஷர் ஒட்டி எடையைச் சரிசெய்யலாம். சரக்காக மெல்லிய கம்பியைச் சுற்றினால் சாத்தாங்காட்டு இரும்புக் காயில். பழைய பனியன் துணியை ஒரு செ.மீ.க்குச் சுருட்டித் தைத்தால் பருப்பு மூட்டை.

வண்டி நின்றால்

புதிதாகப் பழகுவோர் என்ஜின் நின்றவுடன் மோட்டார் போய்விட்டது என்று பதறுகிறார்கள். பெரும்பாலும் அழுக்குதான். முதலில் தண்டவாளத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். எமரித்தாள் போடவே கூடாது. அது கீறிய கோட்டில்தான் அடுத்த அழுக்கு சேரும். பிறகு என்ஜின் சக்கரம். அச்சில் தலைமுடியோ சாக்கு நூலோ சுற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறிப்பிட்ட இடத்தில் மட்டும் நின்றால் அங்கே இணைப்பு தளர்ந்திருக்கும். அச்சு தாங்கும் இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஊசிமுனையால் ஒரு சொட்டு போதும், பிளாஸ்டிக்கில் படாமல். தேங்காய் எண்ணெய் கூடாது. மார்கழிக் குளிரில் உறைந்து, பின் பிசினாகிவிடும். ஓடும்போது டக் டக் என்று சீராகச் சத்தம் வந்தால் பல்சக்கரம் அச்சில் வெடித்திருக்கிறது. அதை ஒட்டிச் சமாளிக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஆட்டம் முடிந்ததும் பழைய பெட்ஷீட்டால் மூடி வைத்தால் உப்புக்காற்றும் தூசியும் பாதி குறையும்.

ஆர்.ஆர். போட்டு விளையாடுதல்

சீட்டுக் குலுக்குவதோடு நில்லாமல் நாங்கள் வேகனுக்கு ஓர் அட்டை வைத்திருக்கிறோம். அனுப்புபவர், பெறுபவர், சரக்கு, எடை எல்லாம் அதில் உண்டு. மேல்நாட்டிலும் இப்படி அட்டை போட்டு ஆடுகிறார்கள். ஆனால் நம் வியாபாரிகள் அளவுக்கு அதை யாரும் ரசிக்க முடியாது என்பது எங்கள் எண்ணம். ஒருவர் யார்டு மாஸ்டர், ஒருவர் டிரைவர், மற்றவர் சரக்குக்குக் காத்திருக்கும் வியாபாரி. கொக்கியைக் கழற்ற ஊதுபத்திக் குச்சி. இருபது என்ஜின் அசைவுக்குள் வேகன் வந்து சேராவிட்டால் யார்டு மாஸ்டர் வியாபாரிக்கு ஒரு ரூபாய் தர வேண்டும். வந்து சேர்ந்த வேகனை அடுத்த ஆட்டத்துக்குள் காலி செய்யாவிட்டால் வியாபாரி இரண்டு ரூபாய் டெமரேஜ் கட்ட வேண்டும்.

யார்டு மாஸ்டர் வேலை இப்போது அண்ணாச்சிக்குத்தான். வெல்ல வேகன் எந்தச் சைடிங்கில் நின்றாலும் அதை வெளிப்பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் அவர் ஆட்டத்தைத் தொடங்குகிறார். விதிப்படி அது தப்பு. நாங்கள் கண்டுகொள்வதில்லை. வசூலாகும் டெமரேஜ் டீக்கும் மசால்வடைக்கும் போகிறது.