படைப்புழுவும் வெப்பக் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

மனித உடல் எப்பருவத்திலும் ஏறக்குறைய 37 பாகை சென்டிகிரேடு வெப்பத்தைக் காத்துக்கொள்கிறது. பூச்சிகளுக்கு அந்த ஆற்றல் இல்லை. காற்று சூடேறினால் அவற்றின் வளர்ச்சி விரைகிறது, குளிர்ந்தால் தளர்கிறது. ஆகவே ஒரு புழுவின் வயதை நாட்களால் அளப்பதைவிட, அது பெற்ற வெப்பத்தால் அளப்பதே பொருந்தும். பிரெஞ்சு அறிஞர் ரியோமூர் 1735ஆம் ஆண்டிலேயே தாவர வளர்ச்சிக்கு இத்தகைய வெப்பக் கூட்டலைக் கூறினார். பூச்சிகளுக்கு அது பின்னர் வந்தது.

உடுமலை, குடிமங்கலம் பகுதிகளில் மக்காச்சோளம் பயிரிடுவோருக்குப் படைப்புழுவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இப்புழு, 2018இல் கர்நாடகத்தில் காணப்பட்டு, அவ்வாண்டே தமிழகத்துக்கும் வந்துவிட்டது. இளம்புழு இலையைச் சுரண்டும். பின்னர் குருத்துக்குள் இறங்கித் தன் எச்சத்தாலேயே வாயிலை அடைத்துக்கொள்ளும். அதற்குமேல் தெளிக்கும் மருந்து அதனை எட்டுவது அரிது.

கணக்கு எளிது. நாளின் உச்ச வெப்பத்தையும் தாழ் வெப்பத்தையும் கூட்டிப் பாதியாக்கி, அதிலிருந்து 12.5ஐக் கழிக்க வேண்டும். அதற்குக் கீழே இப்புழு வளர்வதில்லை. மீதியே அன்றைய வெப்ப அலகு. முட்டை முதல் அந்துப்பூச்சி வரை சுமார் 390 அலகுகள் தேவை. உச்சம் 34, தாழ்வு 24 எனில் ஒரு நாளைக்கு 16.5 அலகு, 24 நாட்களில் ஒரு தலைமுறை முடியும். மார்கழியில் 29, 19 எனில் 34 நாட்கள் ஆகும்.

எந்த நாளிலிருந்து கூட்டுவது? குளிர்நாடுகளில் பனிக்காலம் வளர்ச்சியை நிறுத்திவிடுவதால், அது முடிந்தபின் தொடங்குவர். கொங்கு நாட்டில் அத்தகைய குளிர் ஏது? இங்கே இனக்கவர்ச்சிப் பொறியில் அந்துப்பூச்சி விழத் தொடங்கும் நாளே தொடக்கம். விழுவன ஆண்களே எனினும், பெண்ணும் அருகில் முட்டையிடுகிறது எனக் கொள்ளலாம்.

எங்கள் ஊரில் மருந்தடிக்க ஆள் கிடைப்பது ஞாயிறன்றுதான். மற்ற நாட்களில் விடிந்ததும் பனியன் கம்பெனி வேன் வந்து அனைவரையும் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. மேற்சொன்ன 34, 24 வெயிலில் முட்டை இரண்டேகால் நாளில் பொரியும். புழுப்பருவம் 12 நாட்கள். ஒரு ஞாயிறு இட்ட முட்டை, அடுத்த ஞாயிறு ஐந்து நாள் புழுவாக இருக்கும், மருந்துக்குக் கட்டுப்படும். அதைத் தவறவிட்டால் மறு ஞாயிறு அது தின்ன வேண்டியதைத் தின்றுவிட்டு, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகப் போகும் தறுவாயில் இருக்கும். அன்று அடிக்கும் மருந்துக்கான கடன்தான் மிச்சம். மார்கழி எனில் சற்றே தவணை கிடைக்கும்.

சித்திரை வெயிலில் இக்கணக்கை அப்படியே நம்பலாகாது. 30 பாகையைத் தாண்டிய வெப்பம் வளர்ச்சியை அதே விகிதத்தில் கூட்டுவதில்லை. கனமழை குருத்தில் தேங்கி இளம்புழுவைக் கொல்வதும் கணக்கில் வராது.

என் தந்தை பள்ளி சென்றவரல்லர். "ராத்திரி வெக்கையா இருந்தா புழு வெரசாப் பெருகிப் போகும்" என்பார். தாழ் வெப்பம் 24இலிருந்து 26 ஆனால் சராசரி ஒரு பாகை உயர்கிறது. தலைமுறைக் காலத்தில் ஒரு நாளுக்கு மேல் குறைந்துவிடுகிறது.