செவ்வாப்பேட்டையில் ஒரு நிதிக்கச்சேரி

நற்காரியம் ஒன்றுக்குப் பொருள் திரட்டச் சங்கீதத்தின் துணையை நாடுவது நம்மிடையே நன்றாக வேரூன்றிய வழக்கம். கஸ்தூரிபா காந்தி 1944-ஆம் ஆண்டு காலமான பின் அவர் பெயரால் எழுந்த ஞாபகார்த்த நிதிக்கு எம். எஸ். சுப்புலட்சுமி ஐந்து கச்சேரிகள் பாடிக்கொடுத்தார். அன்று ஆரம்பித்த அந்தக் கைங்கரியம் கல்வி ஸ்தாபனங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் கோயில்களுக்குமாக ஆயுள் முழுவதும் நீண்டது. 1974-இல் மகஸேஸே விருது அவரைத் தேடி வந்ததும் பொதுச்சேவைப் பிரிவில்தான். ஆயினும் பாடுகிறவரின் தர்ம சிந்தை மாத்திரம் போதாது, ஏற்பாடு செய்கிறவரின் முன்யோசனையும் அதற்குச் சமமாக வேண்டும் என்பதற்கு 1971 ஆகஸ்டு முதல் தேதி நியூயார்க்கில் பண்டிட் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச அகதிகளுக்காக நடத்திய கச்சேரியே பெரிய பாடம். அன்றைய வசூலாகிய சுமார் இரண்டரை லட்சம் டாலர் யுனிசெஃப் ஸ்தாபனத்துக்கு விரைவில் சென்றடைந்தது. ஆனால் வரிவிலக்குக்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து வைக்காத காரணத்தால், இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பின்னர் வந்த பெருந்தொகை பல ஆண்டுகள் வரித்துறையின் பிடியில் சிக்கிக் கிடந்தது.

ஆகவே மின்சார ரயிலையும் தொழிற்சாலை ஷிப்டுகளையும் ஒட்டி வாழ்க்கை நடத்தும் செவ்வாப்பேட்டை போன்ற ஓர் ஊரில், அரசுப் பள்ளிக்கு ஒரு நூலக அறை கட்டித்தர வேண்டும் என்ற உத்தேசத்தோடு முதன்முதலாக இம்முயற்சியில் இறங்கும் அன்பர்கள், யாரைப் பாடவைப்பது என்ற யோசனைக்கு முன்னால், பணம் யார் கைக்குப் போய்ச் சேரப்போகிறது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இதற்கு மூன்று மார்க்கங்கள் உண்டு. பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடம் நேரே கொடுப்பது முதலாவது. ஊரார் கண்ணெதிரே காரியம் நடக்கும், ஆனால் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிட்டுவது அரிது. பதிவுபெற்ற அறக்கட்டளை ஒன்றன் மூலம் வாங்குவது இரண்டாவது. 80ஜி என்று வழங்கும் சலுகை அதற்கு இருக்குமானால் பழைய வரித்திட்டத்தில் இருப்பவர்க்கு அனுகூலம், என்றாலும் ரொக்கமாகக் கொடுக்கும் தொகை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேற்பட்டால் அச்சலுகை கிடையாது. தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியே செலுத்துவது மூன்றாவது. கம்பெனிகளை அணுகும் எண்ணமில்லாத சிறிய முயற்சியானால் முதல் வழியே போதும். காக்களூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகளின் கதவைத் தட்டுவதானால் பின்னிரண்டில் ஒன்றைத்தான் பற்ற வேண்டும்.

தொழிற்சாலைகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. சமூகப் பொறுப்பு நிதி என்று பெரிய கம்பெனிகள் ஒதுக்கியாக வேண்டிய பணம், அதாவது முந்தைய மூன்றாண்டு நிகர லாபச் சராசரியில் நூற்றுக்கு இரண்டு, பள்ளிக்கான நூலகத்துக்கு வரலாமே தவிர, கம்பெனியின் பெயர்ப்பலகை தொங்கும் மேடைக்கும் பந்தலுக்கும் வராது. விளம்பரப் பலன் கருதிச் செய்யும் உபயம் அந்தக் கணக்கில் சேராது என்பது விதி. எனவே ஒரே கம்பெனியிடம் போனாலும் நூலகத்துக்கு ஒரு விண்ணப்பம், விழா மலரில் விளம்பரத்துக்கு வேறொரு விண்ணப்பம் என்று இரண்டாகக் கொண்டுபோவதே உசிதம்.

அடுத்தது கச்சேரியின் தினுசு. இளைஞர்கள் எடுத்த எடுப்பில் மெல்லிசைக் குழுவைத்தான் நினைப்பார்கள்; கூட்டம் சேரும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பாடகர்களின் சன்மானத்தைக் காட்டிலும் ஸ்பீக்கர், லைட், ஜெனரேட்டர் வாடகையே அதில் பெரிதாகிவிடுவதைப் பலரும் கடைசி வாரத்தில்தான் உணர்கிறார்கள். போதாததற்கு, சினிமாப் பாட்டுகளைச் சீட்டு விற்றுப் பாடுவதானால் ஐ.பி.ஆர்.எஸ். என்னும் உரிமைச் சங்கத்தின் அனுமதி வேண்டும். கட்டணம் வாங்காத சபையிலோ சமய ஸ்தாபனத்தின் நன்மைக்காகவோ அமெச்சூர் குழுவினர் பாடுவதற்குச் சட்டம் தரும் விலக்கு, பள்ளிக்காகச் சீட்டு விற்கும் நிகழ்ச்சிக்குப் பொருந்தாது. தெருக்கூத்து இந்த வட்டாரத்தின் சொந்தச் செல்வம், அதன்பால் எனக்குள்ள பற்று பெரிது. எனினும் விடிய விடிய ஆடும் கூத்தை இலவசமாகப் பார்த்துப் பழகிய சபையிடம் நுழைவுக் கட்டணம் கேட்பது அக்கலையின் இயல்புக்கே ஒவ்வாது. அதைச் செல்வந்தர் ஒருவரின் உபயமாக நடத்தி, கூடியிருப்போரிடம் துண்டேந்துவதுதான் முறை.

முதல் முயற்சிக்கு ஏற்றது, என் அபிப்பிராயத்தில், இரண்டு மணி நேரத் தமிழிசைக் கச்சேரி. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் என மூவரும் நாலைந்து மைக்குகளும் இருந்தால் மேடை நிறைந்துவிடும். பாட்டுரிமையைப் பொறுத்தவரை அருணாசலக் கவிராயரும் கோபாலகிருஷ்ண பாரதியும் எல்லார்க்கும் பொதுவானவர்கள். சுப்பிரமணிய பாரதியின் பாடல்களைச் சென்னை அரசாங்கமே 1949-இல் ஏற்றுப் பின் மக்களுக்குப் பொதுவாக்கியது. பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தவராதலால் அவர் கிருதிகளுக்கு 2033 முடிய உரிமை உண்டு என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: பிரதான வித்வான் தமக்குச் சன்மானம் வேண்டாமென்று பெருந்தன்மையோடு மறுத்தாலும், பக்கவாத்தியக்காரர்களுக்குப் பேசிய தொகையைக் குறைக்காமல் கொடுத்துவிட வேண்டும். தர்மம் செய்வதாகச் சொல்லிக்கொண்டு ஒரு கலைஞனின் வயிற்றில் கைவைப்பது அதர்மம்.

பணம் சேர்க்கும் முறையில்தான் விவேகம் அதிகம் வேண்டும். நானூறு இருக்கைகளை இருநூறு ரூபாய் வீதம் விற்றால் எண்பதாயிரம் வரும். மண்டபமும் மைக்கும் சன்மானமும் சாப்பாடும் சேர்ந்து அதில் பெரும்பங்கை விழுங்கிவிட்டால், கேட்க வந்தவர் கொடுத்த பணம் கச்சேரிக்கே செலவாயிற்றே ஒழிய நூலகத்துக்கு ஒரு செங்கல்லும் ஆகவில்லை. ஆதலால் முழுச்செலவையும் விழா மலர் விளம்பரத்தாலும் ஊர்ப் பெரியவர்களின் உபயத்தாலும் முன்னதாகவே ஈடுகட்டிவிட்டு, சீட்டுப் பணம் முழுவதும் பள்ளிக்கே என்று நோட்டீசில் அச்சிடக்கூடிய நிலை வந்த பிறகே தேதி குறிப்பது நல்லது. ஐந்நூறு ரூபாய்க்கு மேற்படாத நுழைவுச்சீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை; உள்ளாட்சி மன்றத்தின் கேளிக்கை வரி உண்டா என்பதை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெளிய வேண்டும். சீட்டின் விலை நன்கொடை ஆகாதென்பதால், அதிகம் கொடுக்க விரும்புவோருக்குத் தனி ரசீது போட வேண்டும். வாசலில் விற்பனையை நம்பலாகாது. ஒரு மழை வந்தால் அத்தனையும் போயிற்று. வரிசை எண் அச்சிட்டு, முத்திரை குத்தி, அடிக்கட்டையோடு இருபத்தைந்து சீட்டாகத் தைத்த புத்தகங்களைக் கொடுத்து, எந்த எண் முதல் எந்த எண் வரை யார் எடுத்துப் போனார் என்று ஒரு நோட்டில் அவரவர் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டால், பின்னாளில் சிநேகம் கெடாது.

காலமும் இடமும் ஒன்றையொன்று பற்றியவை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மார்கழியில் வித்வான்கள் சென்னைச் சபாக்களை விட்டு வர இயலாது. மாசி, பங்குனியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஆடி மாதத்திலோ முகூர்த்தம் இல்லாததால் கல்யாண மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகையிலும் பேசிக் குறைக்க இடமுண்டு. திறந்த மைதானம் செலவு குறைவாகத் தோன்றினாலும், பந்தலும் மழைப் பயமும் சேர்ந்து அந்தச் சிக்கனத்தைக் கரைத்துவிடும். ரயில் ஓசையும் ஆலாபனையைக் கலைக்கும். ஆடி ஞாயிறுகளில் அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பும் ஒலிபெருக்கியும் இருக்கும், மின்ரயில்களும் அன்று குறைவு. ஆகவே சனிக்கிழமை மாலையே உத்தமம். ஐந்தரைக்கு ஆரம்பித்து எட்டுக்குள் மங்களம் பாடினால், திருநின்றவூர்ப் பக்கம் திரும்புவோரும் புட்லூர்ப் பக்கம் போவோரும் அவசரமின்றி ஸ்டேஷனை அடையலாம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்ற விதியும் தலைமேல் தொங்காது. காவல் நிலையத்தில் விண்ணப்பத்தை முன்னதாகவே கொடுத்து வைக்க வேண்டும்.

கச்சேரி முடிந்த மறுநாள் முதற்காரியமாக விற்காத சீட்டுகளை அடிக்கட்டையோடு திரும்ப வாங்கி எண்ணி, வரவையும் செலவையும் ஒரே தாளில் எழுதி, பள்ளித் தலைமையாசிரியர் உட்பட மூவர் கையெழுத்திட்ட பின், காசோலையை ஒப்படைக்கும் நாளிலேயே அந்தத் தாளின் பிரதியைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். விளம்பரம் தந்த கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் மலரோடு ஒரு பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.