மருந்துக்கு முன் மூன்று கேள்விகள்
வீட்டுப் பூச்சிகள்: ஒரு வகுப்பறைப் பாடம்

ஒரு திங்கட்கிழமை காலை. வழிபாட்டுக் கூட்டம் முடிந்து வகுப்பறைக்குள் நுழைந்தேன். மூன்றாம் வகுப்புச் சிறுவர்கள் இருவர் கரும்பலகையின் கீழ் ஓரத்தில் மும்முரமாகப் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். கையிலிருந்த சாக்பீஸ் நம் பெட்டியில் இருப்பதைப் போல இல்லை. சற்றுத் தடிமனாக இருந்தது.

“ஏதுப்பா இது?”

“எங்க வீட்டு ஜன்னல்ல இருந்துச்சு சார்.”

வாங்கிப் பார்த்ததும் புரிந்தது. எறும்பும் கரப்பானும் வராமலிருக்கச் சுவரோரம் கோடு கிழிப்பதற்காகக் கடைகளில் விற்கும் பூச்சிக்கொல்லி சாக்பீஸ் அது. இருவரையும் குழாயடிக்கு அழைத்துச் சென்று சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தேன். நல்லவேளை, வாயில் வைக்கவில்லை. ஆனால் அன்று முழுவதும் ஒரு எண்ணம் உறுத்திக்கொண்டே இருந்தது. பூச்சிக்கு ஆறு கால், மூன்று உடற்பகுதி என்று ஆண்டுதோறும் நடத்துகிறோம். அந்தப் பூச்சியை ஒழிக்க வீட்டில் எதை வைத்திருக்கிறார்கள், அது குழந்தையின் கைக்கு எட்டுமா என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா?

இது சிறிய விஷயம் அன்று. 2024 நவம்பரில், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தின் குன்றத்தூர் அருகே, எலித் தொல்லைக்காக வீட்டுக்குள் வைக்கப்பட்ட மருந்தின் நெடியைச் சுவாசித்து இரண்டு சிறு குழந்தைகள் உயிரிழந்தனர். இரவில் அதே வீட்டில்தான் அந்தக் குடும்பம் உறங்கியது. செய்தித்தாளில் படித்து வருந்திவிட்டு நகர்ந்த நாம், வகுப்பறையில் என்ன செய்யலாம்? அந்தக் கேள்வியிலிருந்து உருவானதுதான் இந்தப் பாடம்.

மூன்று கேள்விகள்

ஒரு பூச்சியைக் கண்டவுடன் “என்ன மருந்து அடிப்பது?” என்று கேட்பது நம் வழக்கம். அதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்க மாணவரைப் பழக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. யார் இது?
2. எங்கே தங்குகிறது?
3. எதற்காக நம் வீட்டுக்கு வந்தது?

உணவு, நீர், மறைவிடம் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றைத் தேடித்தான் பூச்சி வருகிறது. அது எது என்று தெரிந்துவிட்டால், பெரும்பாலான வீடுகளில் மருந்து தேவைப்படும் இடம் மிகவும் குறைந்துவிடும்.

வகுப்பில் ‘வாரியம்’ அமைத்தல்

உத்திரமேரூரில் பணிபுரியும் நமக்கு ஒரு வசதி உண்டு. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து (கி.பி. 919, 921) குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று குழுக்கள் அமைத்து ஊரை நிர்வகித்த செய்தியைச் சமூக அறிவியலில் மாணவர்கள் படிக்கிறார்கள். அதையே அறிவியல் வகுப்புக்குக் கொண்டுவந்தேன். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒருவரை எடுக்கச் சொன்னோம். நான்கு வாரியங்கள் அமைந்தன: தானிய வாரியம், அடுக்களை வாரியம், தண்ணீர் வாரியம், மரம்–நூலக வாரியம்.

பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் போட்டியிட முடியாது என்பது கல்வெட்டில் உள்ள விதி. நம் வாரியங்களுக்கும் அதே விதிதான். வாரம் ஒருமுறை, வீட்டில் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். வானவில் மன்ற நேரத்தையும் இதற்குப் பயன்படுத்திக்கொண்டோம்.

தானிய வாரியம்

வீட்டு அரிசியிலும் மாவிலும் பயறிலும் கிடைத்த பூச்சிகளைச் சிறு கண்ணாடிப் புட்டிகளில் கொண்டுவந்தார்கள். “எல்லாம் வண்டுதான் சார்” என்று தொடங்கிய மாணவர்கள், கைலென்ஸில் பார்த்ததும் மூன்று வகையாகப் பிரித்துவிட்டார்கள்.

அரிசி வண்டு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளம். யானைத் துதிக்கை போல முன்னே நீண்ட மூக்கு இருக்கும். முதுகில் நான்கு செம்மஞ்சள் புள்ளிகள் உண்டு. பெண் வண்டு தானியத்தில் துளையிட்டு முட்டை வைத்து அந்தத் துளையை மூடிவிடும். புழு தானியத்துக்குள்ளேயே வளர்ந்து வண்டாகி வெளிவரும். அதனால்தான், புடைத்துச் சுத்தம் செய்த அரிசியில் சில வாரங்களில் மீண்டும் வண்டு தோன்றுகிறது.

மாவு வண்டு செம்பழுப்பு நிறம், மூக்கு கிடையாது. முழுத் தானியத்தைவிட மாவு, ரவை, உடைந்த தானியம் ஆகியவற்றில்தான் பெருகும்.

பயறு வண்டு பயறின் மேல்தோலில் வெள்ளைப் புள்ளி போல முட்டையை ஒட்டிவைக்கும். வண்டு வெளியேறியபின் பயறில் வட்டமான துளை தெரியும்.

இங்கே கணக்குப் பாடமும் சேர்ந்துகொள்கிறது. நூறு பச்சைப்பயறை எண்ணி எடுத்து, துளையுள்ளவற்றைத் தனியே பிரித்தால் சேதத்தின் சதவீதம் கிடைத்துவிடும். முட்டை ஒட்டிய பயறைப் புட்டியில் போட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி வகுப்பில் வையுங்கள். ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதிய வண்டுகள் வெளிவருவதை மாணவர்கள் கண்ணால் காண்பார்கள். வாழ்க்கைச் சுழற்சியைப் படமாக வரைவதைவிட இது மனத்தில் நிற்கும்.

எதற்காக வந்தது? ஈரத்துக்காக. சரியாகக் காயாத தானியத்தில்தான் வண்டு வேகமாகப் பெருகும். நெல்லையும் பயறையும் நன்கு காயவைத்து, சூடு ஆறியபின் மூட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். அரிசியைக் கடும் வெயிலில் போட்டால் குருணையாகும், இளவெயிலே போதும். பருப்புக்குச் செம்மண் கட்டுவது, வசம்பு போடுவது, வேப்பிலை போடுவது பற்றிப் பாட்டிமார்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். வேப்பிலையைப் பச்சையாகப் போட்டால் ஈரம் சேரும்; நிழலில் உலர்த்திப் போட வேண்டும் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

உயர்நிலை மாணவர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப் பொறியை அறிமுகப்படுத்தலாம். சிறு துளைகள் இட்ட குழாய் அது. தானியத்துக்குள் செருகிவைத்தால், காற்றை நாடி வரும் வண்டுகள் துளை வழியாக உள்ளே விழுந்து கீழே சிக்கிக்கொள்ளும். மருந்தே இல்லை.

அடுக்களை வாரியம்

கரப்பானில் இரு வகை நம் வீடுகளில் அதிகம். சாக்கடையிலும் கழிவறையிலும் இருந்து வருவது பெரியது. ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம். அலமாரி இடுக்கிலும் அடுப்படியிலும் திரிவது சிறியது. கழுத்துப் பகுதியில் இரண்டு கருங்கோடுகள் இருக்கும். வகை தெரிந்தால் வழியும் தெரியும். பெரியது வந்தால் கழிவுநீர்க் குழாய்க்கு வலை மூடி போட வேண்டும். சிறியது வந்தால் இடுக்குகளை அடைத்து, இரவில் எச்சில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும்.

எறும்பு வரிசையைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்துப் பார்க்கச் சொன்னேன். முன்னே சென்ற எறும்பு விட்ட வாசனைத் தடம் அழிந்ததும், பின்னே வந்தவை திசை தெரியாமல் அலைந்தன. மாணவர்கள் தாமே செய்து பார்த்து வியந்த சோதனை இது.

ஈ முட்டையிடுவது குப்பையிலும் சாணத்திலும்தான். கோடையில் முட்டை ஈயாக மாற ஏறத்தாழ பத்து நாள்கள் போதும். ஆகவே குப்பையை அதற்குள் அகற்றுவதே ஈக்கு மருந்து.

தண்ணீர் வாரியம்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். கால்களில் வெள்ளை வளையங்கள் இருக்கும். அது சாக்கடையைத் தேடுவதில்லை. நாம் பத்திரமாகப் பிடித்துவைத்த நல்ல தண்ணீரைத்தான் தேடும். சிமெண்ட் தொட்டி, பயன்படாத ஆட்டுக்கல்லின் குழி, தேங்காய்த் தொட்டி, பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு என்று மாணவர்கள் கொண்டுவந்த பட்டியல் நீண்டது. முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

புட்டியில் கொசுப்புழுக்களை வைத்துக் காட்டும்போது வாயை வலைத்துணியால் இறுகக் கட்டிவிடுங்கள். நீர்ப்பரப்புக்கு இணையாகக் கிடப்பது மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸின் புழு. தலைகீழாகத் தொங்குவது ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று நம் நாட்டின் செகந்திராபாத்தில் கண்டறிந்த வரலாற்றையும் இங்கே சொல்லலாம்.

மரம்–நூலக வாரியம்

மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் ஈசலை அறியாத கிராமத்துக் குழந்தை இல்லை. ஆனால் அது சிறகு முளைத்த கரையான் என்பது பலருக்குத் தெரியாது. சிறகுள்ள எறும்பையும் ஈசலையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். எறும்புக்கு இடை ஒடுங்கியிருக்கும். முன்சிறகு பின்சிறகைவிடப் பெரியது. ஈசலுக்கு இடை ஒடுங்காது. நான்கு சிறகுகளும் ஒரே அளவு. சுவரில் ஏறும் மண்குழாயைக் கண்டால், கரையான் மரத்தை எட்டிவிட்டது என்று பொருள். அலமாரியைச் சுவரிலிருந்து சற்று நகர்த்திவைப்பதும், கசியும் குழாயைச் சரிசெய்வதும் முதல் வேலை.

எங்கள் நூலக அலமாரியிலேயே புத்தக அட்டையைச் சுரண்டிய வெள்ளிப்பூச்சிகள் கிடைத்தன. மாதம் ஒருமுறை நூல்களை எடுத்துத் தூசி தட்டும் வேலையை அந்த வாரியமே ஏற்றுக்கொண்டது.

ஒரு குறிப்பேட்டு வரி

மூன்றாம் வாரம். தானிய வாரியத்து மாணவி ஒருத்தியின் குறிப்பேட்டில் இப்படி எழுதியிருந்தது: “எங்கள் வீட்டில் வண்டு இல்லை. நெல் மூட்டைக்குள் அப்பா மாத்திரை வைத்திருக்கிறார். மூட்டை நாங்கள் படுக்கும் அறையில் இருக்கிறது.”

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்தால் பாஸ்பீன் என்னும் கொடிய நச்சு வாயு வெளிவரும். கிடங்குகளில், பயிற்சி பெற்றவர்கள் மட்டும் கையாள வேண்டிய பொருள் அது. பொதுமக்களுக்கு விற்கவே அனுமதி இல்லை. ஆனாலும் எப்படியோ வீடுகளுக்கு வந்துவிடுகிறது.

அன்று மாலையே அந்த வீட்டுக்குச் சென்றேன். “தப்புப் பண்ணிட்டீங்க” என்று தொடங்கவில்லை. “உங்க பொண்ணு நல்லா எழுதியிருக்கா, பாருங்க” என்று குறிப்பேட்டைக் காட்டினேன். படித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “வண்டு வந்தா வருசத்துக்கான சோறு போயிடுமே சார், அதான் வச்சேன்” என்றார். அவர் அச்சமும் நியாயமானதுதான். அன்றிரவே குடும்பம் உறவினர் வீட்டுக்குச் சென்றது. மூட்டையைத் தாமே கிளறாமல், கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்து, மறுநாள் வேளாண்மை அலுவலரின் ஆலோசனைப்படி நெல்லை வெளியே கொண்டுவந்தார்கள். இப்போது நெல் நன்கு காய்ந்து, தனிக் கொட்டகையில், தரையில் படாமல் பலகை மேல் இருக்கிறது.

மாணவர்க்கு அவசியம் சொல்ல வேண்டியவை

• பூச்சிமருந்துப் புட்டியில் உள்ள முக்கோண நிறங்கள் நச்சின் அளவைச் சொல்லும்: சிவப்பு மிகக் கடுமையான நச்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று குறையும். பச்சை என்றாலும் மருந்து மருந்துதான்.
• வயலுக்கு வாங்கிய மருந்தை வீட்டுக்குள் அடிக்கக் கூடாது. குளிர்பான பாட்டிலில் ஊற்றிவைக்கவே கூடாது.
• பூச்சிக்கொல்லி சாக்பீஸைக் குழந்தைகள் தொடக் கூடாது. பள்ளியில் அதைப் பயன்படுத்தவும் கூடாது.
• மருந்து வைத்த அறையில் உறங்கக் கூடாது.
• யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. நெடியால் மயங்கினால் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். உடனே 108-ஐ அழைத்து, மருந்தின் உறையையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

தொடக்க வகுப்புகளில் கால்களை எண்ணுவது, படம் வரைவது, “தொடாதே” பட்டியல் ஆகியவை போதும். நடுநிலை வகுப்புகளில் வாரியமும் சோதனைகளும் பொருந்தும். உயர்நிலை வகுப்புகளில் முக்கோண நிறங்களையும் வேதிப்பொருள்களையும் விரிவாக நடத்தலாம். ஒரு வேண்டுகோள்: வீட்டுக் குறிப்புகளை வகுப்பில் உரக்க வாசிக்காதீர்கள். மூட்டைப்பூச்சி இருக்கும் வீடு என்று ஒரு குழந்தை கேலிக்கு ஆளானால், அடுத்த வாரம் எந்தக் குழந்தையும் உண்மையை எழுதாது.

அந்த மாணவி உண்மையை எழுதினாள். அதனால்தான் நமக்குத் தெரிந்தது. உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு வரி எழுதப்படாமல் காத்திருக்கலாம். இந்த வாரமே ஒரு குடத்தை எடுத்து வையுங்கள்.