இரத்தம் நீலம் இல்லை

பிள்ளைகள் வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்டால், நாம் படித்த காலத்தில் மனப்பாடம் செய்ததையே பெரும்பாலும் சொல்லிவிடுகிறோம். அந்தப் பதில் தேறுமா என்று பார்க்க எளிய வழி, அதை வைத்தே அடுத்த கேள்வியைக் கேட்பதுதான்.

நம்பிக்கை: சிரைகளில் ஓடுவது நீல இரத்தம்.

புத்தகத்து இதயப் படத்தில் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். முழங்கையின் உட்புறத்தில் ஓடும் சிரையும் நீலமாகவோ பச்சையாகவோதான் தெரிகிறது. சரி, பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும்போது ஊசி இறங்குவது அதே சிரையில்தானே? குழாயில் ஏறுவது ஏன் கருஞ்சிவப்பாக இருக்கிறது? காற்றுப் பட்டதும் சிவந்துவிடும் என்று சிலர் சமாளிப்பார்கள். ஆனால் காற்றை நீக்கி மூடிய குழாயில் எடுத்தாலும் அதே நிறம்தான்.

உண்மை: மனித இரத்தம் எப்போதும் சிவப்புதான். ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்திருக்கும்போது பளிச்சென்றும், விட்ட பிறகு அடர்ந்தும் இருக்கும். நீலமாகத் தெரிவது ஒளியின் வேலை. சிவப்பு ஒளி தோலுக்குள் ஆழமாக இறங்கும்; அதில் ஒரு பகுதியைச் சிரையிலுள்ள இரத்தம் உறிஞ்சிக்கொள்ளும். நீல ஒளி அவ்வளவு ஆழம் போகாமல் மேலேயே சிதறித் திரும்பிவிடும். சிரை இருக்கும் இடத்திலிருந்து திரும்பும் சிவப்பு, சுற்றியுள்ள தோலைவிடக் குறைவு. அந்த வித்தியாசத்தைத்தான் நம் கண் நீலமாக உணர்கிறது. உடற்கூறியல் கேள்விக்கு விடை இயற்பியலில் இருக்கிறது என்று பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். இரண்டு பாடமும் ஒன்றாகப் பிடித்துப்போகும்.

இதே பாடத்தில் ‘ஆக்சிஜனற்ற இரத்தம்’ என்றும் எழுதுகிறோம். ஓய்வாக இருப்பவரின் உடலைச் சுற்றிவிட்டு இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்திலும், ஹீமோகுளோபினில் சுமார் 75 சதவீதம் ஆக்சிஜனோடுதான் இருக்கிறது. ஓடும்போது தசைகள் இந்தக் கையிருப்பிலிருந்தும் எடுத்துக்கொள்கின்றன. ‘ஆக்சிஜன் குறைந்த இரத்தம்’ என்று எழுதுவதே சரி. தமனி என்றால் எப்போதும் ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் என்பதும் தவறு. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, அவ்வளவுதான். நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த இரத்தம்.

நம்பிக்கை: ஆக்சிஜனை இழுத்து, கார்பன் டை ஆக்சைடை மட்டும் வெளிவிடுகிறோம்.

அப்படியானால் தண்ணீரில் மூழ்கியவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதினால் உயிர் எப்படிப் பிழைக்கும்?

உண்மை: உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், வெளியே வருவதில் ஏறத்தாழ 16 சதவீதம். கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதம் அளவுதான். மீதி பெரும்பாலும் நைட்ரஜன்.

நம்பிக்கை: விண்வெளியில் ஈர்ப்பு விசை இல்லை.

இல்லை என்றால் நிலா எப்போதோ நம்மை விட்டுப் போயிருக்க வேண்டுமே!

உண்மை: சர்வதேச விண்வெளி நிலையம் பறக்கும் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், தரையில் உள்ள ஈர்ப்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. நிலையம் பூமியை நோக்கி விழுந்துகொண்டேதான் இருக்கிறது. மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் போவதால், விழ விழப் பூமியின் தரையும் கீழே வளைந்து விலகிக்கொண்டே போகிறது. உள்ளே இருப்பவர்களும் நிலையத்தோடு சேர்ந்தே விழுகிறார்கள், அதனால் மிதக்கிறார்கள். அங்கே காலடியில் எடைக்கருவியை வைத்தாலும் பூஜ்ஜியம்தான் காட்டும். கருவியும் கூடவே விழுகிறதே.