சிறு கடனும் தொழிற் பயிற்சியும்

வங்காள தேசத்துச் சிட்டகாங் பல்கலைக்கழகத்திற்கு அண்மையில் ஜோப்ரா என்றொரு சிற்றூர் உண்டு. 1976-ஆம் ஆண்டில் பொருளாதாரப் பேராசிரியர் முகம்மது யூனுஸ் அங்குச் சென்று விசாரித்தார். மூங்கில் முக்காலி முடையும் பெண்மணி ஒருவர், ஐந்து டாக்கா பெறும் மூங்கிலுக்காக வணிகரிடம் கடன்பட்டு, முடைந்ததை அவரிடமே அவர் குறித்த விலைக்குக் கொடுத்து, ஐம்பது பைசா மட்டும் கூலியாகக் கண்டார். நூலை வணிகரிடம் வாங்கித் துணியை அவரிடமே ஒப்புவித்த நம் நெசவாளர்க்கு இது புதிய கதையன்று. அவ்வாறு கட்டுண்ட 42 பேருக்கும் வேண்டியிருந்த தொகை மொத்தம் 856 டாக்காதான்! அதைப் பேராசிரியர் தம் கைப்பொருளிலிருந்து கொடுத்தார். அம்முயற்சி 1983-இல் கிராமீன் வங்கியாயிற்று.

அவ்வங்கி வகுத்த முறையில் பணத்திற்கு முன்னே பயிற்சி நின்றது. ஐவர் ஒரு குழுவாகச் சேர்ந்து, குறைந்தது ஏழு நாள் விதிகளைப் பயின்று, வினாக்களுக்கு விடை கூறவேண்டும். பின்னர் முதலில் இருவர்க்கே கடன். அவர்கள் தவணை செலுத்தும் ஒழுங்கைக் கண்டே ஏனையோர்க்கு.

வட்டிக் கணக்கை உறுப்பினர் ஊன்றிக் கற்கவேண்டும். 10,000 ரூபாய் கடன்; வட்டி நூற்றுக்குப் பத்து; வாரம் 220 ரூபாய் வீதம் 50 வாரத்தில் 11,000 ரூபாய் தீர்க்கவேண்டும் என்று ஒருவர் கூறுகிறார் எனக் கொள்வோம். கேட்பதற்குச் சுலபமே. ஆனால் அசல் வாரந்தோறும் 200 ரூபாய் குறைவதால், சராசரியாக நம் கையில் இருப்பது 5,100 ரூபாய் மட்டுமே. அதற்கு 1,000 ரூபாய் வட்டி எனில், உண்மையான விகிதம் நூற்றுக்கு ஏறத்தாழ இருபது ஆகிறது. கையொப்பமிடுமுன் "வட்டி முழு அசலுக்கா, குறையும் அசலுக்கா?" என்று கேட்பதில் நாணம் வேண்டா.

தவணையும் தொழிலின் போக்கை ஒட்டியிருத்தல் வேண்டும். கறவை மாடு வாரந்தோறும் பணம் தரும். நெல் அறுவடையில்தான் தரும். தறியோ பாவு அறுத்துத் துணி விலைபோன பின்னரே தரும். இதனைக் கருதாமல், ஒருவருக்கே பலர் கடன் கொடுத்து, வாரத் தவணைக்கு நெருக்கியதன் கொடுமையை 2010-இல் ஆந்திரம் கண்டது. அரசு அவசரச் சட்டம் இயற்றவும் நேர்ந்தது.

இனி, பயிற்சியில் எதைக் கற்பிப்பது? டொமினிக்கன் குடியரசில் சிறு வணிகர் சிலருக்கு முறையான கணக்கியலும், வேறு சிலருக்கு எளிய நடைமுறை விதிகளும் கற்பித்து ஆராய்ந்தனர். 2014-இல் வெளியான முடிவில் எளிய விதிகளே மிகுந்த பயன் தந்தன. அவற்றுள் தலையாயது, தொழிற்பணத்தையும் வீட்டுப்பணத்தையும் வெவ்வேறு இடத்தில் வைத்தல். பெரிய பேரேடுகளைச் சுமத்துவோர் இதைக் கவனிப்பாராக.

ஆகவே உறுப்பினர் இரண்டு டப்பாக்கள் வைத்துக்கொள்க. தொழில் டப்பாவிலிருந்து அரிசிக்கு எடுத்தால் ஒரு சீட்டில் குறித்து உள்ளே இடுக. தார் சுற்றும் மனைவியின் உழைப்புக்கும், களை பறிக்கும் மகளின் உழைப்புக்கும் கூலி எழுதுக. அதை விட்டுவிட்டு இலாபம் என்பது கணக்காகாது. ஒரு மாதச் சீட்டுகளை அடுத்த கூட்டத்திற்குக் கொணர்ந்தால், யார் எவ்வளவு கடன் தாங்குவர் என்பதை அவற்றைக் கொண்டே கணிப்போம்.