ஜப்பானிய அரசியலமைப்பு: ஏடும் நடைமுறையும்

ஓர் அரசியலமைப்பை எழுதியவர் எவர் என்பது ஒரு வினா. எழுதப்பட்டபின் மக்கள் அதனை எவ்வாறு கையாண்டனர் என்பது மற்றொரு வினா. பின்னதே முக்கியமானது என்பதற்கு ஜப்பானின் வரலாறு தக்க சான்றாகும்.

பேரரசரின் கொடை

1889 பிப்ரவரி 11 அன்று பிரகடனம் செய்யப்பட்ட மெய்ஜி அரசியலமைப்பு, பேரரசர் தம் குடிகளுக்கு வழங்கிய கொடையாகவே அமைந்தது. அதனை உருவாக்குவதில் முதன்மைப் பங்கேற்ற இட்டோ ஹிரோபுமி, ஐரோப்பா சென்று ஜெர்மானிய முறையைப் பயின்றவர். இறைமை பேரரசரிடம் இருந்தது. குடிகளின் உரிமைகள் சட்ட வரம்புக்கு உட்பட்டவையாகவே இருந்தன. 1890-ல் நடைபெற்ற முதல் தேர்தலில், 15 யென் நேரடி வரி செலுத்திய, 25 வயது நிரம்பிய ஆண்களே வாக்களித்தனர். இவர்கள் மக்கள் தொகையில் ஏறத்தாழ ஒரு சதவீதத்தினரே.

1925-ல் 25 வயது நிரம்பிய ஆண்களுக்கு வரி நிபந்தனையின்றி வாக்குரிமை கிடைத்தது. ஆனால் அதே ஆண்டில் இயற்றப்பட்ட அமைதிக் காப்புச் சட்டம், மாற்றுக் கருத்துடையோரை ஒடுக்கும் கருவியாயிற்று. படைகளின் தலைமை நேரே பேரரசருக்கு உரியதாக இருந்ததால், அமைச்சரவையால் இராணுவத்தைக் கட்டுப்படுத்த இயலவில்லை. 1932-ல் பிரதமர் இனுகாய் கொல்லப்பட்டதோடு கட்சி அமைச்சரவைகளின் காலம் முடிவுற்றது. நாடு போரை நோக்கிச் சென்றது.

புதிய அரசியலமைப்பு

1945-ல் ஜப்பான் சரணடைந்தது. 1946 பிப்ரவரியில், தளபதி மக்ஆர்தரின் தலைமையகம் ஏறத்தாழ ஒரு வாரத்தில் புதிய வரைவைத் தயாரித்தது. எனினும் அது அப்படியே ஏற்கப்படவில்லை. ஓரவை நாடாளுமன்றம் ஜப்பானியரின் வற்புறுத்தலால் ஈரவையாயிற்று. குறைந்தபட்ச வாழ்க்கைத் தரத்துக்கான உரிமை, நாடாளுமன்ற விவாதத்தின்போது சேர்க்கப்பட்டது. அந்த நாடாளுமன்றத்தில், முதன்முறையாகப் பெண்களும் வாக்களித்த தேர்தலில் வென்ற 39 பெண்கள் இடம்பெற்றிருந்தனர். 103 விதிகள் கொண்ட இவ்வரசியலமைப்பு 1947 மே 3 அன்று நடைமுறைக்கு வந்தது. இறைமை மக்களுக்கு உரியதாயிற்று. பேரரசர் நாட்டின் சின்னமானார்.

சமுதாயத்தில் விளைவுகள்

24-ஆம் விதி திருமணத்தில் இருபாலரின் சமத்துவத்தை நிலைநாட்டியது. இதற்கேற்ப 1947-ல் குடிமைச் சட்டம் திருத்தப்பட்டு, குடும்பத் தலைவரின் அதிகாரமும் மூத்த மகனுக்கே சொத்து என்ற முறையும் நீக்கப்பட்டன. எனினும் கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரைக் கொள்ளவேண்டும் என்ற விதி நீடித்தது. நடைமுறையில் பெரும்பாலும் மனைவியே பெயரை மாற்றிக்கொண்டபோதிலும், அவ்விதி செல்லும் என்று 2015-லும் 2021-லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1957-ல் காசநோய் மருத்துவமனையில் இருந்த ஒரு நோயாளி, அரசு தந்த மாதம் 600 யென் உதவி 25-ஆம் விதி கூறும் வாழ்க்கைத் தரத்துக்குப் போதாது என வழக்குத் தொடுத்தார். 'அசாகி வழக்கு' எனப்படும் இதில் அவர் 1960-ல் கீழ் நீதிமன்றத்தில் வென்றார். 1963-ல் மேல்முறையீட்டில் தோற்றார். இறுதித் தீர்ப்புக்கு முன்பே காலமானார். ஆயினும் இடையில் உதவித் தொகை உயர்த்தப்பட்டது. வழக்கில் தோல்வி, கொள்கையில் மாற்றம் என்பதே அதன் பயன்.

அரசியலில் விளைவுகள்

போரைத் துறக்கும் 9-ஆம் விதி தொடர்ந்து விவாதத்துக்குரியதாக இருந்துவந்துள்ளது. 1954-ல் தற்காப்புப் படைகள் அமைக்கப்பட்டன. 2014-ல் அமைச்சரவை இவ்விதிக்குப் புதிய விளக்கமளித்து, கூட்டுத் தற்காப்புக்கு வழிவகுத்தது. திருத்தத்திற்கு இரு அவைகளிலும் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவும், மக்கள் வாக்கெடுப்பில் பெரும்பான்மையும் தேவை. இதுவரை ஒரு திருத்தமும் நிறைவேறவில்லை. எழுத்து மாறவில்லை, பொருள் மாறியது.

இந்தியாவுக்கும் இதில் தொடர்பு உண்டு. நமது அரசியலமைப்பின் 21-ஆம் விதியிலுள்ள 'சட்டத்தால் நிறுவப்பட்ட நெறிமுறை' என்ற தொடருக்கு, வரைவுக் குழு ஜப்பானிய அரசியலமைப்பின் 31-ஆம் விதியைச் சுட்டியது. 1950-ல் கோபாலன் வழக்கில் குறுகிய பொருள் கொள்ளப்பட்ட அத்தொடர், 1978-ல் மேனகா காந்தி வழக்கில், நெறிமுறை நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என விரிவடைந்தது. உரிமைகள் ஏட்டில் பிறக்கலாம். அவற்றைக் கேட்டுப் பெறும் குடிமக்களாலும், மதித்துச் செயற்படும் நிருவாகத்தாலுமே அவை வாழ்கின்றன.